மேடையில் குழந்தைகள், முன்வரிசையில் யார்?

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் என் பேரன் பாரதியார் வேஷம் போட்டான். அப்போது அவனுக்கு வயது ஐந்தரை. மதியம் மூன்று மணிக்கே வீட்டில் முண்டாசு கட்டி, அவன் அம்மாவின் மைப் பென்சிலால் மீசை வரைந்து, அவன் அப்பாவின் கறுப்புச் சட்டையைச் சுருக்கிக் கோட்டாக்கி அழைத்துப் போனோம். நிகழ்ச்சி நிரலில் அவன் முறை 5.40. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, ஆண்டறிக்கை, பொன்னாடைகள், சிறப்பு விருந்தினர் உரை எல்லாம் முடிந்து அவன் மேடையேறியபோது மணி 8.20. அதற்குள் என் மடியில் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருந்தான். மீசையில் பாதி என் வேட்டிக்கு வந்துவிட்டது. மைக் முன்னால் நின்றான். மனப்பாடம் செய்தது நான்கு வரி. இரண்டு வரி சொன்னான், மூன்றாவது வரியில் கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடினான். அழவில்லை, அதுவே பெரிய காரியம். கைதட்டல் பலமாகவே இருந்தது. ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸும் கிடைத்தது. கீழே இறங்கி வந்து என் காதோடு அவன் கேட்டது ஒன்றுதான்: "தாத்தா, அப் கர் சலேங்?" பாரதியார் வீட்டுக்குப் போகலாமா என்று இந்தியில் கேட்கிறார்!

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த விழாவுக்கு நாற்காலி போட்டவர்களில் நானும் ஒருவன். பேரனுக்கு அந்த நான்கு வரியைச் சொல்லிக் கொடுத்தவனும் நானேதான். ஆனால் அன்று இரவு படுத்தபின் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1980-ல் ரயில்வே வேலைக்காகப் பம்பாய் வந்தவன் நான். (மும்பை என்று எழுதக் கை பழகிவிட்டது, வாய் இன்னும் பழகவில்லை.) இத்தனை வருஷத்தில் நான் பார்த்த தமிழ் விழாக்களில் குழந்தைகளை மேடையேற்றாத விழா ஒன்றுகூட இல்லை. ஆனால் குழந்தைகள் கீழே சௌகரியமாக உட்கார்ந்திருக்க, பெரியவர்கள் அவர்களுக்கென்றே வேஷம் கட்டி ஆடிய தமிழ் நாடகம் ஒன்றைச் சொல் என்றால், எனக்கு ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

இந்த விஷயம் எனக்கு முதலில் உறைத்தது 2018-ல், நான் ஓய்வு பெற்ற வருஷம். என் பேத்திக்கு அப்போது ஏழு வயது. எதிர் வீட்டு மராத்திப் பாட்டி தன் பேரக்குழந்தைகளோடு அவளையும் தாதர் சிவாஜி மந்திருக்கு நாடகம் பார்க்கக் கூப்பிட்டார். துணைக்கு நான் போனேன். 'அல்பத்யா கல்பத்யா' என்று நாடகத்தின் பெயர். எழுதியவர் ரத்னாகர் மத்கரி. பல வருஷங்களுக்கு முன் எழுதப்பட்ட நாடகம்தான், அந்த வருஷம் மறுபடியும் மேடையேற்றியிருந்தார்கள். அதில் சிஞ்சி என்று ஒரு சூனியக்காரி. அந்த வேஷத்தில் வைபவ் மாங்களே, மராத்தி நாடகத்திலும் சினிமாவிலும் பெயர் பெற்ற நடிகர். அவருக்கு முன், எழுபதுகளில் அதே சூனியக்காரியாக நடித்தவர் திலீப் பிரபாவள்கர். 'லகே ரஹோ முன்னாபாய்' படத்தில் காந்தியாக வந்தாரே, அவர்தான். இப்படிப்பட்ட நடிகர்கள் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு, கந்தல் பாவாடை கட்டி, ஏழு வயதுப் பிள்ளைகளுக்காக மேடை முழுக்கக் குதிக்கிறார்கள். அதை மட்டமான வேலை என்று யாரும் நினைக்கவில்லை.

மேடையைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தேன். பிறகு பேத்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். சூனியக்காரி பக்கவாட்டில் ஒளிந்தபோது, அவள் அங்கே இருக்கிறாள் என்று காட்டிக் கொடுக்க அரங்கமே எழுந்து கத்தியது. என் பேத்தியும் எழுந்து மராத்தியில் கத்தினாள். அவளுக்கு அவ்வளவு மராத்தி தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். இடைவேளையில் அந்தக் கேண்டீனின் பட்டாட்டா வடையைக்கூட வேண்டாமென்று சொல்லிவிட்டு, திரை எப்போது விலகும் என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் சூனியக்காரி ராஜ்யம். பாட்டியின் பழைய புடவை பாவாடையாயிற்று, தோசைக்கரண்டி மந்திரக்கோலாயிற்று. வசனம் முழுக்க மராத்தி. "ஏட்டி, அதைத் தமிழ்ல ஒரு தடவை சொல்லேன்" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தாத்தா, சூனியக்காரிக்குத் தமிழ் தெரியாது."

அந்தப் பதில் என்னை வெகுநாள் விடவில்லை. மராத்தியின் மீதோ இந்தியின் மீதோ எனக்குக் கோபம் கிடையாது. நாற்பது வருஷம் எனக்குச் சோறு போட்ட ஊரின் மொழி. ஆனால் இது தானாக நடந்த காரியமல்ல, யாரோ மெனக்கெட்டுச் செய்தது. சுதா கரமர்கர் என்ற அம்மையார் 1959-ல் 'லிட்டில் தியேட்டர்' என்று குழந்தைகளுக்கான நாடக அமைப்பைத் தொடங்கினார். அதன் முதல் நாடகம் 'மதுமஞ்சிரி'. அதை எழுதியவரும் அன்று இளைஞராயிருந்த இதே மத்கரிதான். 1962-ல் அவர் தாமே 'பாலநாட்டிய' என்று ஒரு குழு தொடங்கினார். பேங்க் ஆஃப் இந்தியாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே இதையெல்லாம் செய்தார் என்பதை நம் சங்கத்து வங்கி அன்பர்கள் கவனிக்க வேண்டும். 2020-ல் அவர் காலமானபோது, சிறுவயதில் அவர் நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவர்களே தாத்தா பாட்டி ஆகியிருந்தார்கள். எதிர் வீட்டுப் பாட்டி பேரப்பிள்ளைகளை அழைத்துப் போனது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? அவர் தம் சிறுவயதுக்குத் திரும்பிப் போனார், கூடவே குழந்தைகளையும் கூட்டிப் போனார். நமக்கு அப்படித் திரும்பிப் போக ஓர் இடம் இல்லை.

ஏன் இல்லை என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. தமிழ் நாடகத்துக்குக் குழந்தைகள் புதிதே அல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது அதில் நடித்தவர்கள் எல்லாம் பையன்கள். ஔவை சண்முகம் ஆறு வயதில் அங்கே போய்ச் சேர்ந்தவர். 'எனது நாடக வாழ்க்கை' என்ற அவருடைய நூலைப் படித்தவர்களுக்கு அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு தெரியும். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள்தான். ஆக, நம் வழக்கம் அன்றிலிருந்தே இதுதான்: பிள்ளைகள் கண் விழித்து நடிப்பார்கள், பெரியவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள். நம் ஆண்டு விழாவில் இரவு எட்டரைக்கு ஒட்டு மீசையோடு தூங்கி வழியும் குழந்தை அந்தக் கம்பெனிகளின் வாரிசு. சம்பளமும் கிடையாது, டிபன் பாக்ஸோடு சரி.

பெரியவர்கள் நடித்துக் குழந்தைகள் பார்த்ததும் நம்மிடம் இருந்தது, கிராமத்தில் இருந்தது. அம்பாசமுத்திரம் பக்கம் என் ஊர். சிறுவயதில் தோல்பாவைக் கூத்து வரும். ராமாயணம் பத்து நாள் நடக்கும். திரைக்குப் பின்னால் விளக்கு, முன்னால் மணலில் நாங்கள். ராமர் வந்தால் பெரியவர்கள் கையெடுப்பார்கள், நாங்கள் காத்திருப்பது உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும். அந்த இரண்டு பேரும் அடிக்கிற கூத்தில் ராவணனே மறந்துபோவான். எனக்குத் தமிழில் கேலி பேசக் கற்றுக் கொடுத்தவர்கள் அவர்கள்தான், பள்ளிக்கூடத்து வாத்தியார் அல்ல. பிற்பாடுதான் ஒன்று தெரிந்துகொண்டேன். அந்தப் பாவைக்கூத்தை ஊர் ஊராக எடுத்துவந்த மண்டிகர் வீட்டில் பேசுவது மராத்தி! மராத்தி பேசுகிற குடும்பம் எங்களுக்காகத் தமிழில் கூத்துக் கட்டியிருக்கிறது. தமிழ் பேசுகிற நாம் மராத்திய மண்ணில் நம் சொந்தப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கூத்துக் கட்ட முடியவில்லை என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நாடகம் இல்லாவிட்டால் என்ன, வீட்டில் தமிழ்தானே பேசுகிறோம் என்பார்கள். பேசுகிறோம். ஒருநாள் காலை ஆறரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை எங்கள் வீட்டில் பேரனிடம் பேசப்பட்ட தமிழைக் கவனித்தேன். எழுந்திரு, பல் தேய், பாலைக் குடி, ஷூவைப் போடு, சிந்தாதே, ஹோம்வொர்க் எடு, டிவியை அணை, தூங்கு. எல்லாம் கட்டளை. ஒர்க்‌ஷாப்பில் நான் கலாசிகளிடம் பேசிய இந்தியைப் போலத்தான் இது. முப்பத்தெட்டு வருஷம் பேசியும் அந்த இந்தியில் எனக்கு ஒரு நகைச்சுவை சொல்லத் தெரியாது. பொய் சொல்ல, கெஞ்ச, ஏமாற்ற, பயமுறுத்த, கொஞ்ச, ரகசியம் பேசக் குழந்தைக்குத் தமிழ் வேண்டாமா? அதெல்லாம் அவனுக்குக் கிடைப்பது இந்தியில், பள்ளி பஸ்ஸில். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எழுத்தைக் கற்றுக் கொடுக்கிறது, அந்த ஆசிரியைக்கு என் வணக்கம். ஆனால் 'அணில், ஆடு, இலை, ஈ' என்று எழுதும் குழந்தைக்கு அந்த அணில் ஒரு வார்த்தை பேசிக் காட்டினால் அல்லவா அதைப் பார்க்க ஆசை வரும்?

இந்த யோசனையைக் கமிட்டியில் சொன்னேன். நண்பர் ஒருவர், "சார், யூடியூபில் தமிழ்க் கதை ஆயிரம் இருக்கு. 2007-லயே சுட்டி டிவி வந்தாச்சு. நாம வேஷம் கட்டணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானும் பேரனுக்கு அதையெல்லாம் போட்டுக் காட்டியவன்தான். ஒரு வித்தியாசம் இருக்கிறது. டிவியில் வருகிற கரடி, குழந்தை என்ன சொன்னாலும் தன் பாட்டுக்கு ஆடிவிட்டுப் போகும். குழந்தைக்கும் அது தெரியும், அதனால்தான் வாயைத் திறப்பதில்லை. மேடையில் நிற்கும் கரடி நிற்கும், காது கொடுக்கும், பதில் சொல்லும். சொல்கிறேன் கேளுங்கள், எங்கள் குரங்கின் கதையை.

கமிட்டி யோசிப்போம் என்றது. சங்கத்தில் யோசிப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று வாசகர்களுக்குத் தெரியும். அதனால் சென்ற ஆகஸ்டில் ஓய்வு பெற்ற நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, எங்கள் சொஸைட்டி ஹாலில் நாங்களே ஒரு நாடகம் போட்டோம். குரங்கும் முதலையும் கதை. நாவல் மரத்துக் குரங்கின் ஈரலைக் கேட்கும் முதலையின் மனைவி, எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலையாக ஒரு வங்கி அதிகாரி, அவர் மனைவியாக நிஜமாகவே அவர் மனைவி. குரங்காக முலுண்டிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியை, அறுபத்திரண்டு வயது. முதலைத் தலையைச் செய்தது நான். தெர்மகோல் பல், அட்டைத் தாடை, சைக்கிள் பிரேக் ஒயர் வைத்து இழுத்தால் வாய் பிளக்கும். டிப்ளமா படித்தது வீண் போகவில்லை. நானும் என் மனைவியும் ஆறு. நீலப் புடவையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு ஆட்டவேண்டியது.

முதல் காட்சி படுதோல்வி. மறைக்கமாட்டேன், ஏனென்றால் நாங்கள் செய்த தப்பை எல்லோரும் செய்வோம். நாடகத்துக்கு முன்னால் மூன்று பேருக்குப் பொன்னாடை, வாழ்த்துரை, அதிலேயே முப்பத்தைந்து நிமிஷம் போயிற்று. வசனம் சுத்தமான செந்தமிழ். "நண்பா, என் முதுகில் அமர்வாயாக" என்று முதலை சொன்னால் எந்தக் குழந்தைக்கு விளங்கும்? மைக்கைக் கழுத்தில் மாட்டியதில் கொர்ரென்று சத்தம், இரண்டு குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பெரிய நாடகம் மாதிரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு முதலையை இருட்டில் விட்டோம். அது வாயைப் பிளந்ததும் முன்னால் இருந்த மூன்று வயதுக் குழந்தை அலறிய அலறலில் ஹாலே காலியானது. அந்தக் குழந்தையின் தகப்பனார் ஒரு மாதம் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இதெல்லாம் போதாதென்று மொத்தம் ஒரு மணி இருபது நிமிஷம்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு பெட்டி பழுதாகித் திரும்பி வந்தால் அதன்மேல் கோபப்படமாட்டோம், கழற்றிப் பார்ப்போம். அப்படியே இதையும் கழற்றிப் பார்த்தோம். தீபாவளி விடுமுறையில் மறுபடியும் போட்டோம். இந்தத் தடவை மைக் கிடையாது, மேடை கிடையாது. தரையில் ஜமுக்காளம் விரித்து நாற்பத்தைந்து குழந்தைகள், பின்னால் நாற்காலியில் பெற்றோர். விளக்கு எதையும் அணைக்கவில்லை. முதலைக்காரர் முதலில் தலையில்லாமல், வேட்டி சட்டையோடு வந்து உட்கார்ந்தார். "இதுதான் நான் மாட்டிக்கப்போற தலை, பல்லைத் தொட்டுப் பாருங்க" என்று காட்டினார். ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள், பிரேக் ஒயரை இழுத்துப் பார்த்தார்கள். அதன்பிறகு அவர் அதை மாட்டிக்கொண்டபோது யாரும் அழவில்லை. என்ன அதிசயம் என்றால், எல்லோரும் அவரை முதலை என்று முழுக்க நம்பினார்கள். எப்படிச் செய்தது என்று தெரிந்தால் நம்பிக்கை போய்விடும் என்று நினைப்பது பெரியவர்கள்தான்.

வசனம் நாம் வீட்டில் பேசுகிற தமிழ். மொத்தம் முப்பத்தெட்டு நிமிஷம். குரங்கு முதலையின் முதுகில் ஏறப் போகிற இடம் வந்தது. அதன் மனைவி என்ன கேட்டாள் என்பது குழந்தைகளுக்குத் தெரியும், குரங்குக்குத் தெரியாது. ஜமுக்காளத்திலிருந்து ஒரு பையன் எழுந்து, "மத் ஜாவ்! மத் ஜாவ்!" என்று கத்தினான். நாற்பத்தைந்தும் சேர்ந்துகொண்டது. நாங்கள் எழுதிய வசனத்தில் இதற்குப் பதில் இல்லை. அந்த ஆசிரியை அம்மாள் ஒரு நொடி நின்றார். பிறகு காதில் கையை வைத்துக்கொண்டு, "என்ன சொல்றீங்க? நான் தமிழ்க் குரங்காச்சே! எனக்கு ஒண்ணும் புரியலையே!" என்றார். ஹால் நிசப்தமாகிவிட்டது. குழந்தைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், சிலர் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அம்மாக்கள் புத்திசாலித்தனமாகச் சும்மா இருந்தார்கள். ஒரு சிறுமிதான் முதலில் சொன்னாள், மெதுவாக: "போகாத." குரங்கு, "ஆங்? கேக்கலை" என்றது. அவ்வளவுதான், "போகாத! போகாத! ஈரலை எடுத்துரும்!" என்று கூரை அதிர்ந்தது. என் பேரனும் அதில் இருந்தான். ஆற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்த என் மனைவி புடவையை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஆறு கொஞ்ச நேரம் ஓடவில்லை.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே பேரன் கேட்டான்: "தாத்தா, முதலை பொண்டாட்டிக்கு ஈரல் ஏன் வேணும்?" கட்டளைக்குப் பதிலாக இல்லாமல், அவனாகவே தமிழில் கேட்ட முதல் முழு வாக்கியம் அது என்று நினைக்கிறேன். ஈரல் என்ற வார்த்தையை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது, அதையும் எழுதிவிட வேண்டும். என் பேத்திக்கு இப்போது பதினான்கு வயது. நாடகம் முடிந்து ஜமுக்காளம் மடிக்க உதவிக்கு வந்தாள். "இதெல்லாம் நான் சின்னவளா இருக்கறப்ப ஏன் தாத்தா செய்யலை?" என்று கேட்டாள். ஆங்கிலத்தில் கேட்டாள். 2018-லேயே எனக்கு உறைத்தது என்று மேலே எழுதினேன் அல்லவா? அதன்பின் ஆறு வருஷம் சும்மா இருந்திருக்கிறேன். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

இப்போது செலவுக்கு வருகிறேன். இரண்டாவது காட்சிக்கு ஹால் வாடகை, துணி, பெயிண்ட், குழந்தைகளுக்குச் சுண்டல், பழம் எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். நம் ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து பேச்சாளர்களை விமானத்தில் வரவழைத்து ஓட்டலில் தங்கவைத்த செலவு ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் என்று ஆண்டறிக்கையே சொல்கிறது. பட்டிமன்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, முதல் வரிசையில் உட்கார்ந்து சிரிப்பவன் நான். கிரேஸி மோகன் குழுவின் 'சாக்லேட் கிருஷ்ணா' போன்ற நாடகத்துக்குக் குழந்தைகளும் சிரிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அவையெல்லாம் நமக்காக நாம் வாங்கிக்கொள்வது. அந்தச் செலவில் இருபதில் ஒரு பங்கு ஆறு வயதுக்காரர்களுக்காக ஒதுக்கக்கூடாதா?

நடிக்க ஆள் எங்கே என்று கேட்கிறார்கள். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுகளில் நாடகம் போட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர் இருக்கிறோம்! 1984-ல் நானே ஒரு நாடகத்தில் கதாநாயகியின் அத்தையாக வந்து, புடவை தடுக்கி விழுந்து, அதற்கும் கைதட்டல் வாங்கினேன். ஆள் இருக்கிறது. நமக்குத் தெரியாதது குழந்தைகள் முன்னால் எப்படி நிற்பது என்பதுதான். அதைச் சொல்லித்தர ஆட்கள் உண்டு. புதுச்சேரியில் வேலு சரவணன் 'ஆழி' என்ற குழுவை வைத்துக்கொண்டு 'கடல்பூதம்' முதலான நாடகங்களோடு பல வருஷமாகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்வருகிறார். இன்னொரு பேச்சாளரைக் கூப்பிடுவதற்குப் பதில் அவரைப் போன்ற ஒருவரை இரண்டு நாள் கூப்பிட்டு நமக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லலாம். இது நம் ஒரு ஊர் விஷயம் மட்டுமல்ல. டில்லியில் தேசிய நாடகப் பள்ளி 1989-லேயே சம்ஸ்கார் ரங் டோலி என்ற குழுவை இதற்கென்றே அமைத்தது. பயிற்சி பெற்ற பெரிய நடிகர்கள் குழந்தைகளுக்காக நடிக்கிறார்கள். 1998-ல் ஜஷ்னே பச்பன் என்ற குழந்தை நாடக விழாவும் அங்கே தொடங்கியது. டில்லியில் இருக்கும் அன்பர்கள் போய்ப் பார்த்துவிட்டு இந்தப் பத்திரிகைக்கு எழுதினால் எங்களுக்கும் உதவியாக இருக்கும்.

குழந்தைகள் சத்தம் போடுவார்கள் என்றும் ஒரு ஆட்சேபம் வந்தது. ஆமாம், போடுவார்கள். சத்தம் போடவில்லை என்றால்தான் நான் கவலைப்படுவேன்.

வருகிற பொதுக்குழுவுக்கு எழுத்து மூலம் ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறேன். வருஷத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி, குழந்தைகளுக்குத் தமிழ் நாடகம். பெரியவர்கள் நடிக்க, குழந்தைகள் பார்க்க. முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. பொன்னாடை, சிறப்பு விருந்தினர், பரிசு எதுவும் கிடையாது. அறுபது குழந்தைகளுக்கு மேல் வந்தால் இரண்டு காட்சியாகப் பிரித்துக்கொள்வது. பொங்கல் விழாவில் குழந்தைகள் மேடையேறுவதை நிறுத்தச் சொல்லவில்லை. விருந்தினர் உரைக்கு முன்னால், அவர்கள் விழித்திருக்கும்போதே ஏற்றுங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். தீர்மானத்தை வழிமொழிய ஒரு கையெழுத்து வேண்டும். முதலைக்காரர் போடுகிறேன் என்றார், ஆனால் அவர் மனைவியும் முதலை என்பதால் சொந்தக்காரர்கள் என்று யாராவது ஆட்சேபிக்கலாம். வேறு யாராவது முன்வந்தால் நல்லது.

முதலைத் தலை எங்கள் வீட்டுப் பரணில் பழைய பெட்ஷீட்டில் சுற்றி இருக்கிறது. மழைக்காலத்தில் அட்டைத் தாடை கொஞ்சம் நமுத்துவிட்டது, இரண்டு பல் விழுந்துவிட்டது. பேரன் வாரத்துக்கு ஒருமுறை என்னை ஸ்டூல் போடச் சொல்லி, ஏறிப் பெட்ஷீட்டை விலக்கிப் பார்த்துவிட்டு இறங்குகிறான். போன வாரம், "தாத்தா, இதுக்குப் பசிக்குது" என்றான். யார் வீட்டிலாவது பச்சை எனாமல் பெயிண்ட் மிச்சமிருந்தால் தெரிவியுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.